பிஜி தீசிஸ்: முதல் ஆறு மாதத்திலேயே முடிவாகும் விஷயம்

இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பில் இருக்கும் ஒவ்வொரு டாக்டரும் (பிஜி) ஓர் ஆய்வைத் தொடங்கி, முடித்து, தீசிஸாக எழுதிக் கொடுத்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். அமெரிக்காவில் இதற்கு இணையான ரெசிடென்சி பயிற்சியை முடிக்கத் தீசிஸ் கட்டாயமில்லை. அந்த வகையில் டாக்டர்களுக்கு ஆய்வு கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு நம்மிடம் கூடுதலாகவே இருக்கிறது. ஆனாலும் நம் தீசிஸ்களில் பல, பைண்டிங் ஆகித் துறை நூலகத்தில் அடுக்கப்படுவதோடு முடிந்துபோகின்றன. எழுதியவரும் அதன்பின் ஆய்வுப் பக்கம் திரும்புவதில்லை. வார்டு வேலை, பணமின்மை, கைடுக்கு (வழிகாட்டும் பேராசிரியர்) நேரமில்லை என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பெரிய சேதம் அதற்கெல்லாம் முன்பே, சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்குள், தலைப்பு முடிவாகும்போதே நடந்துவிடுகிறது என்பது என் கணிப்பு. தன் கேள்வியைத் தானே கண்டுபிடிக்கவும், அதற்குத் தன் வார்டில் பதில் கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்கவும் அந்த ஆறு மாதத்தில் பழகாதவருக்கு, மிச்சமுள்ள இரண்டரை ஆண்டும் படிவம் நிரப்பும் வேலையாகவே போகும்.

இப்போது சேரும் பிஜிகளையும், முதன்முறையாகக் கைடு ஆகும் உதவிப் பேராசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டி. படிப்பு 36 மாதம். விதிப்படி பரீட்சைக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். எனவே கையில் இருப்பது 30 மாதம். எழுதுவதற்கு மூன்று மாதமும் அனலிசிஸுக்கு இரண்டு மாதமும் ஒதுக்கினால் 25. புரொட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுதி, துறையில் ஒப்புதல் வாங்கி, ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்ட ஏழு மாதம் ஆகும் என்று வைத்தால் 18. இதில் மாவட்ட ரெசிடென்சிக்கு, அதாவது மாவட்ட மருத்துவமனைப் பணிக்கு, மூன்று மாதம் போக வேண்டும். அது மூன்று, நான்கு, ஐந்தாம் செமஸ்டர்களில் ஏதோ ஒன்றில் வரும். சரியாக டேட்டா சேகரிக்கும் காலத்தில்தான் வந்து விழும். மிஞ்சுவது 15 மாதம், அதாவது 65 வாரம். ஒவ்வொரு நோயாளியையும் ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வு என்றால், புதிதாக ஆள் சேர்க்கக் கிடைப்பது ஒன்பது மாதம்தான்.

65 வாரம் என்ற இந்த எண்ணை முதல் மாதத்திலேயே பிஜியின் கையில் கொடுத்துவிட வேண்டும். கேள்வியின் அளவை நிர்ணயிப்பது இதுதான்.

கேள்வி எங்கிருந்து வரும்? பல துறைகளில் அது ஒரு பட்டியலிலிருந்து வருகிறது. சென்ற ஆண்டுத் தலைப்பில் ஊரையும் ஆண்டையும் மாற்றினால் இந்த ஆண்டுத் தலைப்பு. இன்ன நோயின் ‘கிளினிக்கல் ப்ரொஃபைல்’ (நோயாளிகளிடம் காணும் விவரங்களின் தொகுப்பு) என்று தொடங்கும் தீசிஸ்கள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை. விவரிக்கும் ஆய்வு தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு மாவட்டத்தில் ஒரு நோயை முதன்முதலாக ஒருவர் விவரித்தால் அது பொக்கிஷம். ஏற்கெனவே பலமுறை விவரிக்கப்பட்டதை மறுபடி விவரிக்கும்போதுதான் பிஜிக்கு எதையும் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

நான் பரிந்துரைக்கும் வழி எளிது. சேர்ந்த முதல் எட்டு வாரம் கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். ரவுண்ட்ஸில் இரண்டு சீனியர்கள் இரண்டு விதமாகச் சொல்லும் ஒவ்வொன்றையும், ‘இங்கே இப்படித்தான் செய்வோம்’ என்று காரணம் சொல்லாமல் விடப்பட்ட ஒவ்வொன்றையும் அதில் குறிக்க வேண்டும். எட்டு வாரத்தில் நாற்பது ஐம்பது வரிகள் சேரும். ஒவ்வொன்றின் மீதும் மூன்று கேள்வி. பதில் தெரிந்தால் வார்டில் எழுதும் ஆர்டர் மாறுமா? அந்த நோயாளிகள் நம்மிடம் வருகிறார்களா? அளக்க வேண்டியதை நம் லேப்பிலேயே, நோயாளிக்குச் செலவு வைக்காமல் அளக்க முடியுமா? பெரும்பாலானவை இதில் விழுந்துவிடும். நான்கைந்து நிற்கும். அவற்றை எடுத்துக்கொண்டு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் உட்கார வேண்டும். தலைப்பை வாங்கிக்கொண்டு அதற்கேற்ற கட்டுரைகளைத் தேடுபவருக்கும், கேள்வியோடு போய் யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுபவருக்கும் வாசிக்கும் விதமே வேறு.

சிற்றுண்ணிக் கடியால் வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸ் நல்ல உதாரணம். ஆன்டிபயாடிக்குகளில் டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, நோய் கடுமையாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று நம் மெடிசின் வார்டுகளில் நெடுங்காலம் வாதம் நடந்தது. அந்த வார்டு வாதத்தையே கேள்வியாக எடுத்து, வேலூர் சிஎம்சி முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து ஏறக்குறைய 800 பேரில் ஆய்வு செய்தார்கள். கடுமையான நோயில் இரண்டும் சேர்ந்ததே மேல் என்ற முடிவு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. இது ஒரு பிஜி தனியாக 65 வாரத்தில் செய்யக்கூடியது அல்ல. ஆனால் அதே நோயில், சேர்ந்த அன்று தெரியும் எந்த அறிகுறிகள் பின்னால் வென்டிலேட்டர் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்கின்றன என்ற கேள்வி பிஜியின் அளவுக்குள் வரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்க்ரப் டைஃபஸ் நம் பக்கம் மழை, குளிர் மாதங்களில் கூடும். மாவட்ட ரெசிடென்சி அந்த மாதங்களில் விழுந்தால் ஒரு சீசன் முழுக்கப் போயிற்று. பருவத்தோடு வரும் நோயை எடுப்பவர், அட்டவணை போடுபவரிடம் முன்பே பேசிவிட வேண்டும்.

கேள்வி பற்றாக்குறையிலிருந்தும் வரும். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையத்தின் முதல் பெரிய ஆய்வு அப்படி வந்ததுதான். படுக்கைகள் போதாது. சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் வைத்துத் தரும் மருந்தை வீட்டில் வைத்தே தந்தால் என்ன ஆகும்? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தது. இன்றைய பிஜிகள் அதில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, உழைப்பு எங்கே போனது என்பதை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உடலில் போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் தொற்றுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டு சிகிச்சையை எதிர்ப்பவர் எழுப்பக்கூடிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஆய்வுக்குள்ளேயே பதில் வைத்திருந்தார்கள்.

இனி எண்ணிக்கை. தீசிஸ்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

பக்கவாதத்தோடு வார்டில் சேருபவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ஒரு வாரத்துக்குள் நிமோனியா வருகிறது என்பது கேள்வி. பழைய ஆய்வுகளை வைத்து 20 சதவீதம் இருக்கும் என்று கொள்வோம். வழக்கமான சூத்திரம்: 4 × p × q ÷ d². இதில் p எதிர்பார்க்கும் சதவீதம், q நூறில் மீதி, d நாம் ஏற்கும் பிழை. பிழை இரு பக்கமும் 5 சதவீதப் புள்ளி இருக்கலாம் என்றால், 4 × 20 × 80-ஐ 25-ஆல் வகுக்க, 256 பேர். 4 புள்ளிதான் இருக்கலாம் என்றால் 16-ஆல் வகுக்க, 400 பேர். ஒரு புள்ளி மாற்றியதும் 144 பேர் கூடிவிடுகிறார்கள். சூத்திரத்தைப் புரொட்டோகாலில் ஒட்டிவிட்டு இந்த d எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாதவர்கள் நிறைய. அதைத் தேர்வு செய்வது ஸ்டாட்டிஸ்டீஷியனின் வேலை அல்ல. எவ்வளவு துல்லியம் இருந்தால் இந்தப் பதில் வார்டுக்குப் பயன்படும் என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

அடுத்து, அந்த 256 பேர் வருவார்களா? ஞாபகத்தைக் கேட்கக் கூடாது, அட்மிஷன் ரெஜிஸ்டரைக் கேட்க வேண்டும். நமக்கு எப்போதும் அதிகம் வருவதாகவே தோன்றும். சென்ற ஆண்டு ரெஜிஸ்டரை எடுத்து வாரவாரியாக எண்ணுங்கள். வாரம் 6 பேர் என்று வந்தால், வேறு மருத்துவமனைக்கு மாறியவர், சொல்லாமல் கிளம்பியவர், சம்மதம் தராதவர், விதிவிலக்கில் (ஆய்வில் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனைகள்) விழுபவர் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது 4. 65 வாரத்துக்கு 260. 256 தேவைக்கு 260 என்பது கத்திமுனை. ஆனாலும் செய்யலாம். 400 நடக்காது. இந்தக் கணக்கை ஒரு பிற்பகலில் போட்டுவிடலாம். போடாதவர், இரண்டாம் ஆண்டு முடிவில் 140 பேரோடு நின்றுகொண்டு, விதிவிலக்குகளைத் தளர்த்தலாமா என்று யோசிக்கத் தொடங்குவார். ஆய்வின் நேர்மை கெடத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆசை வந்தால் கணக்கு இன்னும் கடுமை. வாய்ச் சுத்தமும் விழுங்கும் திறன் சோதனையும் சேர்ந்த ஒரு முறை, நிமோனியாவை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்குமா? 80 சதவீத பவரோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அது பிடிபடும் வாய்ப்பு) கண்டுபிடிக்கக் குழுவுக்குச் சுமார் 196 பேர், மொத்தம் 392. வாரம் 4 பேர் என்றால் 98 வாரம். நம்மிடம் 65 தான். இந்த இடத்தில்தான் ‘30, 30 எடுத்துக்கலாம்’ என்ற வழக்கம் தலைகாட்டும். 30 பேர் கொண்ட ஒரு குழுவில் நாம் எதிர்பார்ப்பது 6 நிமோனியா. தற்செயலாக அது 4 ஆக அமைந்து, புது முறைக் குழுவில் ஒருவருக்குக்கூட வராமல் இருந்தாலும், ஃபிஷர் என்ற புள்ளியியல் சோதனையில் பி மதிப்பு 0.11 தான் வரும், வித்தியாசம் உண்டு என்று ஏற்க வழக்கமாகக் கேட்கும் 0.05-க்குக் கீழே இறங்காது. நோயை அடியோடு ஒழிக்கும் முறையைக்கூடக் கண்டுபிடிக்கத் திணறும் ஆய்வு அது. இப்படிப்பட்ட ஆய்வில் நோயாளிகளைச் சேர்ப்பதே தவறு என்பது என் திடமான கருத்து. அவர்கள் தரும் நேரத்துக்கும் ரத்தத்துக்கும் பதிலாக யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

எத்திக்ஸ் கமிட்டியைப் பலர் முட்டுக்கட்டையாகப் பார்க்கிறார்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிகளை ஒருமுறை முழுக்க வாசித்தவர் அப்படிப் பார்க்கமாட்டார். கமிட்டி திருப்பி அனுப்பும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: சம்மதப் படிவத்தின் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகாதது, கூடுதல் டெஸ்டுக்கு யார் பணம் தருவது என்று எழுதாதது, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது சார்பில்லாத சாட்சி யார் என்று சொல்லாதது. தமிழ்ப் படிவத்தை எழுதியதும் வார்டில் உள்ள ஓர் உதவியாளரிடமோ நோயாளியின் உறவினரிடமோ வாசிக்கக் கொடுத்து, ‘இதுல என்ன சொல்லியிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா’ என்று கேளுங்கள். சிகிச்சையே கிடைக்காதோ என்று அவர் பயந்தால், படிவத்தை மாற்றி எழுத வேண்டும்.

சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால், சோதனை ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிந்தால்தான் ஏற்பார்கள். பிஜி தீசிஸுக்கு விலக்கு கிடையாது. கட்டணமும் கிடையாது. ஆனால் அவர்கள் கேள்வி கேட்டு, நாம் திருத்தி, மறுபடி கேட்டு என்று வாரங்கள் போகும். எத்திக்ஸ் கடிதம் வந்த அன்றே உள்ளிட வேண்டும். ‘இரண்டு பேரைச் சேர்த்துவிட்டுப் பதிந்துகொள்ளலாம்’ என்று நினைப்பவரின் ஆய்வைப் பிறகு நல்ல பத்திரிகை எதுவும் ஏற்காது.

குலுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. ஓபி நம்பர் ஒற்றையா இரட்டையா, இன்று திங்களா செவ்வாயா என்று பார்த்துப் பிரிப்பது குலுக்கல் அல்ல. அடுத்தவருக்கு எது வரும் என்று சேர்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால், மோசமாக இருப்பவரை ‘இவர் வேண்டாம், அடுத்தவரைச் சேர்க்கலாம்’ என்று மனம் தானாகவே ஒதுக்கும். கெட்ட எண்ணம் தேவையில்லை, இரக்கமே போதும். கம்ப்யூட்டரில் வரிசையைத் தயாரித்து, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் ஒளி ஊடுருவாத உறைகளில் போட்டு, எண்ணிட்டு ஒட்டித் தர வேண்டும். நோயாளியின் பெயரை உறையின் மேல் எழுதிய பிறகே பிரிக்க வேண்டும்.

டேட்டா விஷயத்தில் ஒரே ஒரு பழக்கம் பல மாதங்களை மிச்சப்படுத்தும். ஒரு நோயாளியைக்கூடச் சேர்ப்பதற்கு முன், தீசிஸில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரைந்துவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் உட்காராத கேள்வி புரொஃபார்மாவில் (டேட்டா சேகரிக்கும் படிவம்) இருக்கக் கூடாது. கட்டம் இருந்து, புரொஃபார்மாவில் கேள்வி இல்லையென்றால் அது இப்போதே தெரிந்துவிடும். எட்டுப் பக்கப் புரொஃபார்மா இப்படி இரண்டு பக்கமாகச் சுருங்குவது சகஜம். பிறகு ஐந்து நோயாளிகளிடம் ஒத்திகை பாருங்கள். எக்செலில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. வயதை வயதாகவே பதியுங்கள், ‘40 முதல் 50’ என்று வேண்டாம். தொகுப்பதைப் பின்னால் செய்துகொள்ளலாம், தொகுத்ததைப் பிரிக்க முடியாது. செய்யாத டெஸ்டுக்கு 0 போடாதீர்கள், கட்டத்தைக் காலியாக விட்டு, ஏன் செய்யவில்லை என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். நிறம் பூசிக் குறிப்பது வேண்டாம், புள்ளியியல் மென்பொருள்கள் பொதுவாக நிறத்தை வாசிப்பதில்லை. பெயர் இந்தக் கோப்பில் இருக்கக் கூடாது. பெயரையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியல் துறையில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பத்தில் ஒரு படிவத்தை எடுத்து, கோப்போடு ஒப்பிடுவது கைடின் வேலை. கிரியேட்டினின் 1.2 என்பது 12 ஆகப் பதிவாகியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அனலிசிஸைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கேள்வியும் அட்டவணையும் சரியாக இருந்தால் அது பாதி முடிந்த வேலை. ஓர் எச்சரிக்கை மட்டும். நம் 260 பேரில் நிமோனியா வந்தவர் 52 என்றால், அதை முன்கூட்டிச் சொல்லும் காரணிகளாக ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கில் ஐந்தைப் போடலாம், இருபதைப் போட முடியாது. ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வு என்பது பழைய கைக்கணக்கு. துல்லியமானது அல்ல, ஆனாலும் ஆரம்பத்தில் இருப்பவரைக் காப்பாற்றும். அந்த ஐந்து எவை என்று டேட்டாவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் எங்கே கற்பது? சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐசிஎம்ஆர் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் அடிப்படை ஆய்வுப் படிப்பு நாடு முழுக்க எல்லாப் பிஜிகளுக்கும் கட்டாயம். பாடங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. வீணாவது நாம் படிக்கும் விதத்தால். பரீட்சைக்கு முந்தைய வாரம் வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் ஒன்றும் ஒட்டாது. தன் புரொட்டோகாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாம்பிள் சைஸ் பாடம் முடிந்த அன்றே தன் சாம்பிள் சைஸைப் போட்டுப் பார்ப்பவருக்கு அதே படிப்பு கைடுக்குப் பாதி சமமாகிவிடும்.

நேரம் என்று வரும்போது நம் முறையின் குறையை மறைக்க முடியாது. பிரிட்டனில் அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோவாகச் சேரும் பயிற்சி டாக்டருக்கு நேரத்தில் 25 சதவீதம் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசினில் ஆய்வுப் பாதை என்று ஒன்று உண்டு. இரண்டு ஆண்டு வார்டு, அதன்பின் மூன்று ஆண்டு 80 சதவீத நேரம் ஆய்வு. நமக்கு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் ‘நியாயமான வேலை நேரம்’, வாரம் ஒரு விடுமுறை, ஆண்டுக்கு ஐந்து நாள் கல்வி விடுப்பு என்கின்றன. ஆய்வுக்கென்று தனி நேரம் இல்லை. விதி மாறும்வரை ஒரு துறைத்தலைவர் தன் கையாலேயே செய்யக்கூடியது உண்டு: வாரத்தில் ஒரு பிற்பகலை, டியூட்டி அட்டவணையிலேயே, ஒவ்வொரு பிஜிக்கும் பெயர் போட்டு எழுதிவிடலாம். வாய்மொழியாகத் தரும் நேரம் முதல் நெருக்கடியிலேயே பறிபோகும். அட்டவணையில் இருப்பது அவ்வளவு எளிதில் போகாது. அதே பிற்பகலில் கைடோடு அரை மணி. கேட்க வேண்டியவை மூன்று: இந்த வாரம் தகுதியுள்ளவர் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், விட்டுப்போனவர் ஏன் விட்டுப்போனார். இந்த எண்கள் வாரவாரம் சுவரில் ஏறினால், ஆய்வு தடம் புரள்வது ஆறாவது வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கட்டுரையாக வெளியிடுவதைத் தீசிஸ் முடிந்தபின் யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடக்காது. பரீட்சை முடிந்ததும் பிஜி வேறு ஊரில் சீனியர் ரெசிடென்ட் ஆகிவிடுவார், டேட்டா அவருடைய பழைய லேப்டாப்பில் தங்கிவிடும். புரொட்டோகால் கையெழுத்தாகும் நாளிலேயே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். முதல் ஆசிரியர் பிஜி. டேட்டாவின் ஒரு பிரதி துறையில் இருக்கும். பரீட்சை முடிந்து ஓர் ஆண்டுக்குள் பிஜி அனுப்பாவிட்டால் கைடு எழுதி அனுப்பலாம், அப்போதும் முதல் பெயர் பிஜியுடையதே. உழைக்காதவர் பெயர் சேராது, அவர் துறைத்தலைவராக இருந்தாலும். இந்தக் கடைசி வரியை எழுதத் தயங்கும் துறைகள் உண்டு. அங்கே பிஜி ஆய்வோடு சேர்த்து வேறொன்றையும் கற்றுக்கொள்கிறார், அது அவரை விட்டுப் போவதே இல்லை.

எழுதும்போது, சிகிச்சையில் தலையிடாமல் கவனித்துப் பதியும் ஆய்வுக்கு, எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 வரிகளையும், குலுக்கல் முறைச் சோதனை ஆய்வுக்கு அதேபோன்ற கன்சார்ட் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் மூவாயிரம் சொல் கட்டுரையை எழுதிவிடுங்கள். தீசிஸ் அதிலிருந்து விரியட்டும். முதலில் தீசிஸ் எழுதிப் பிறகு சுருக்க முயல்பவர், நாற்பது பக்க உடற்கூற்றியலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

எம்.டி.க்குப் பிறகும் ஆய்வில் தொடர விரும்புபவர் சீனியர் ரெசிடென்ட் ஆண்டை எங்கே கழிப்பது என்று சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓர் ஆய்வு ஓடிக்கொண்டிருக்கும் துறையைத் தேடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: அங்கே ஆய்வு நர்ஸோ டேட்டா மேனேஜரோ சம்பளத்தில் இருக்கிறார்களா, கடந்த மூன்று ஆண்டில் அங்கிருந்து வந்த கட்டுரைகளில் இளையவர்கள் முதல் ஆசிரியராக இருக்கிறார்களா. அயப்பாக்கம் நிறுவனத்தில் நோய்ப்பரவலியலுக்கான பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு இருக்கிறது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தோடு இணைந்தது. வார்டை விடாமல் ஆய்வும் செய்ய நினைப்பவர்களுக்கு ஆய்வுகளுக்கு நிதி தரும் டிபிடி-வெல்கம் இந்தியா அலையன்ஸின் கிளினிக்கல் ஃபெலோஷிப்புகள் உண்டு. ஐசிஎம்ஆர் வெளி நிறுவன ஆய்வாளர்களுக்குத் தரும் நிதித் திட்டங்களும் உண்டு. எதற்கு விண்ணப்பித்தாலும் கேட்பது இதைத்தான்: உங்கள் கேள்வி என்ன, அதற்குத் தேவையான நோயாளிகள் உங்களிடம் வருகிறார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன, சின்ன அளவிலாவது இதை முன்பு ஒருமுறை செய்து முடித்திருக்கிறீர்களா. மூன்றாவதற்குக் காட்ட வேண்டியது தீசிஸிலிருந்து வந்த அந்தக் கட்டுரை. விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே அது ஏதேனும் ஒரு பத்திரிகையின் பரிசீலனையில் இருக்க வேண்டும்.